பெஞ்சில் ஓர் இடம்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு இடம் ஒன்றுதான். போட்டியில் இரண்டு பேர்: எல்லோரும் ‘தாத்தா’ என்று கூப்பிடும் சீனியர், ‘மின்னல்’ என்கிற முதல் வருஷத்துப் பையன்.

“மின்னலையே இறக்குங்க சார்” என்றான் தாத்தா.

கோச் பதறினார். “அவன் சின்னப் பையன்டா! உன் அனுபவம் அவனுக்கு வருமா?”

“அவன் வேகத்துக்கு முன்னால என் அனுபவமெல்லாம் தூசு சார். நேத்து என் காலுக்கு நடுவுலயே பந்தைத் தட்டிட்டுப் போயிட்டான்.”

மின்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசுண்ணா!”

கோச் மோவாயைச் சொறிந்தார். “சரி, இனிமே மின்னல்தான்.”

தாத்தா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “அப்போ உடற்கல்விப் பேப்பர்ல இந்தத் தடவையாவது என்னைப் பாஸ் போட்டுடுவீங்களா சார்? என்கூடப் படிச்சவன் இங்கயே லெக்சரர் ஆயிட்டான். நீங்க மட்டும் டீமுக்கு ஆள் வேணும்னு வருஷா வருஷம் ஃபெயில் போடுறீங்க!”

“போட்டுடுறேன், போ” என்ற கோச், மின்னலின் தோளில் வாஞ்சையாகக் கை போட்டார்.

“தம்பி, இந்தக் காலேஜ்ல உனக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு. ரொம்ப நீளமான எதிர்காலம்!”