காலியாய்ப் போன வேன்

பேராச்சி கையை நீட்டினாள். வேன் நிற்கவில்லை.

மழைச் சேற்றைத் தெளித்துக்கொண்டு தென்காசிப் பக்கம் போய்விட்டது. உள்ளே ஓட்டுகிற ஆளைத் தவிர ஈ, காக்கா இல்லை.

"பார்த்துக்கிட்டே போறாரு பாரேன்!" என்றாள் பக்கத்தில் நின்ற சொக்கம்மாள். "போன வருசம் வரைக்கும் இதே குற்றாலம் பஸ் ஸ்டாப்புல நம்மகூட நின்ன ஆளுதானே? வண்டி வந்ததும் மனுசங்க கண்ணுக்குத் தெரியல."

வேனில் போன சாம்பசிவத்துக்கும் பேராச்சிக்கும் தென்காசியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் கிளார்க், அவள் ஆயா. இது சீசன் சமயம். அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற கூட்டத்தோடு பஸ்கள் பிதுங்கி வரும், நிறுத்தாமல் போகும். அப்புறம் நடைதான். வகுப்பறைகளைத் திறந்து பெருக்கவேண்டியவளே லேட்டாய் வந்தால் எப்படி என்று ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை சத்தம் போட்டாயிற்று. மூன்றாவது தடவை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம்.

அந்த வேன் வந்த கதை ஊருக்கே தெரியும். யாரோ வெள்ளைக்காரர்கள் ஓட்டிவந்து, விட்டுவிட்டுப் போன பழைய வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. ஓடாத அந்த வண்டியை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார் சாம்பசிவம்.

மெக்கானிக் சங்கரபாண்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இஞ்சினைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கான்! எனக்கு லாரிதான் சார் தெரியும். இதுல கை வைக்க மாட்டேன்."

அதன்பிறகு சாம்பசிவமே இறங்கினார். மெட்ராஸிலிருந்து தபாலில் ஒரு தடிப் புத்தகம் வரவழைத்தார். இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டிக்கு அடியில் கிடந்தார். கழற்றுவார், மாட்டுவார், ஒரு போல்ட் மிஞ்சும், மறுபடி கழற்றுவார். தெருவே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. கிரீஸ் துடைக்கத் துணி இல்லாமல் தவித்தபோது பேராச்சிதான் தன் பழைய சேலைகளைக் கிழித்துக் கொடுத்தாள்.

அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு இன்டர்வெல்லில் கேட்டே விட்டாள்.

"சார், காலியாத்தான போறிய? எங்க ரெண்டு பேரை ஏத்துனா வண்டி தேஞ்சா போவும்?"

சாம்பசிவம் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பஸ்ஸுல வாங்க, பேராச்சியக்கா. அதான் நல்லது."

மறுநாளிலிருந்து அவருக்கு டீ வாங்கிவந்து கொடுப்பதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை மழை வலுத்துவிட்டது. இரண்டு பஸ் நிற்காமல் போயின. பின்னாலேயே வேன் வந்தது. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்த பேராச்சி நேரே நடுரோட்டில் போய் நின்றாள். வேன் நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஏறி, பின்னால் இருந்த கட்டில் மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாம்பசிவம் குதித்து ஓடிவந்தார்.

"இறங்குங்க! முதல்ல இறங்குங்க, சொல்லுதேன்!"

கையைப் பிடித்து இழுத்தே விட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"நாயை விரட்டுத மாதிரில்லா விரட்டிட்டாரு!" என்றாள் சொக்கம்மாள்.

இனி செத்தாலும் அந்த ஆள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பேராச்சி விறுவிறுவென்று நடந்தாள்.

வியாழக்கிழமையும் நடைதான். மேலகரத்தைத் தாண்டியதும் தூரத்தில் வேன் ஓரங்கட்டி நிற்பது தெரிந்தது. பின்பக்கமிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்தது. சாம்பசிவம் மண்ணை வாரி வாரி இஞ்சின்மேல் வீசிக்கொண்டிருந்தார்.

பேராச்சி ஓடினாள். தலையிலிருந்த ஈரச் சாக்கை உருவி நெருப்பின்மேல் போட்டு அமுக்கினாள். இரண்டு பேருமாகச் சேற்றை அள்ளி அப்பினார்கள். ஒருவழியாக அடங்கியது.

மூச்சு வாங்க உள்ளே எட்டிப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அவள் உட்கார்ந்த மெத்தை நடுவில் கருகி, பெரிய ஓட்டை விழுந்திருந்தது.

பேராச்சி அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்ரோல் டியூப்புக்கா," என்றார் சாம்பசிவம். விரலெல்லாம் கொப்புளம். "அசல் டியூப் இங்கன எங்கயும் கிடைக்கல. லாரிக்குப் போடுததை வெட்டி நானே மாட்டினேன். ஒரு மாசமா லேசா வாடை வந்துக்கிட்டே இருந்துது. எங்கன கசியுதுன்னு பிடிபடல. எம்பொண்டாட்டி பிள்ளையளைக்கூட இதுல ஏத்துனது கிடையாது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா சார்? உங்களைப் போயி தப்பா நினைச்சுப்புட்டனே!"

"ரெண்டு வருசமா ஊரு சிரிச்சது போதாதா? இன்னும் சரியா வரலன்னு சொல்ல வாய் வரல."

"அப்போ இப்படி ஆவும்னு தெரிஞ்சும், நீங்க மட்டும் எதுக்கு தினம் ஓட்டுனிய?"

சாம்பசிவம் கொப்புளத்தை ஊதிக்கொண்டார்.

"யாராவது ஓட்டிப் பார்த்தாத்தானக்கா தெரியும்? மாட்டினது நான். அதை நம்பி வேற யாரை உக்கார வைக்கச் சொல்லுதிய?"