டி.எச்.சி. இல்லாத இனிப்பு

“ஆர் இதை வீட்டுக்குள்ளை கொண்டு வந்தது?”

லூக்காஸ் ஒரு சின்ன இனிப்புப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். சோபாவில் அவருடைய அக்கா மேரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சோற்றுக் குக்கர் ‘டிங்’ என்றதற்குத் தொடங்கிய சிரிப்பு. இருபது நிமிடமாக நிற்கவில்லை.

“அக்கா, என்ன செய்யுது உங்களுக்கு?”

“லூக்காஸ்… உன்ரை மீசை நடக்குதடா!”

இந்த நாள் இப்படிப் போயிருக்கக் கூடாது. ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் இருக்கும் அந்த ஏழாம் மாடி வீட்டுக்கு, மேரியம்மாவின் மகள் கரோலினா தான் விரும்பிய மார்க்கஸை முதன்முதலாகக் கூட்டி வந்திருந்தாள். அவன் நோர்வேக்காரன், டிராம் ஓட்டுநர். ஆறு மாதமாக அவள் கெஞ்சிய பிறகுதான் “சரி, வரட்டும், பாப்பம்” என்று அப்பா யேசுரட்ணம் இறங்கி வந்திருந்தார். நண்டுக் குழம்பு அடுப்பில் இருந்தது.

மருந்தகத்தில் வேலை செய்யும் கரோலினா, பையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கரடிக்குட்டி வடிவில் இனிப்புகள். முன்பக்கத்தில் ‘டி.எச்.சி. இல்லை’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘டி.எச்.சி.பி.’

அவள் மேரியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, எத்தினை சாப்பிட்டனீங்கள்?”

“ரெண்டு. சப்பாத்துத் தட்டிலை கிடந்தது. பெடியன் ஆசையாக் கொண்டு வந்ததெல்லே? சாப்பிடாட்டி என்ன நினைக்கும்?”

வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டுக்கு நேர் மேலே மார்க்கஸின் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அதற்குள் மேரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “பிள்ளை… நெஞ்சு படபடக்குது. வீடு சுத்துது.”

மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, மார்க்கஸ் அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினான்.

காரில் லூக்காஸ் கேட்டார், “டி.எச்.சி. இல்லை எண்டுதானே போட்டிருக்கு?”

“அது பொய்யில்லை மாமா. அதுதான் பிரச்சினை” என்றாள் கரோலினா. “கஞ்சாவிலை வெறியைத் தாறது டி.எச்.சி. இது அதின்ரை கூடப்பிறந்தது மாதிரி, வேறை சாமான். செடியிலை இது மிகக் கொஞ்சமாத்தான் இருக்கு. இப்பிடி விக்கிறதை ஆய்வுகூடத்திலை செய்யிறாங்கள். மூலக்கூறின்ரை வால் கொஞ்சம் நீளம், அதாலை மூளையிலை போய் இறுக்கிப் பிடிக்கும். ஆய்வுகூடச் சோதனையிலை முப்பது மடங்குக்கு மேலை இறுக்கமாம். மனிசருக்கு எவ்வளவு செய்யுமெண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது.”

“ஐயோ, கர்த்தரே” என்றார் லூக்காஸ்.

அவசர மருத்துவ நிலையத்தில் டொக்டர் பையை வாங்கிப் பார்த்தார். எட்டில் ஆறு மிச்சம் இருந்தது.

“இது யாருடையது? நான் பொலிஸ் இல்லை. வேறு யாரும் சாப்பிட்டார்களா என்று தெரிய வேண்டும்.”

யேசுரட்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் இளம் பிள்ளைகளுக்குப் போதைப்பொருளின் கேட்டைப் பற்றி வகுப்பெடுக்கிற மனிதர். அவருடைய கை நடுங்கியது.

“என்னுடையது” என்றான் மார்க்கஸ். “வேறு யாரும் சாப்பிடவில்லை.”

கரோலினா அவனை நம்ப முடியாமல் பார்த்தாள். “உண்மையாவா?”

அவன் தரையைப் பார்த்தபடி ஆமென்று தலையாட்டினான்.

“டிராம் ஓட்டுறவன்!” என்று தமிழில் கத்தினார் லூக்காஸ். “ஒஸ்லோச் சனத்தின்ரை உயிர் இவன்ரை கையிலை!”

நாலு மணித்தியாலம் கழித்து, “பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். இரவு யாராவது பக்கத்தில் இருங்கள்” என்றார் டொக்டர்.

மார்க்கஸ்தான் காரை ஓட்டி வந்தான். மேரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து சோபாவில் இருத்தினான். அவன் நிமிர்ந்ததும் லூக்காஸ் கதவைத் திறந்து பிடித்தார்.

“நன்றி. நீ போகலாம்.”

மார்க்கஸ் தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தான். கரோலினா தடுக்கவில்லை. குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மேரியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். “நல்லாப் பசிக்குது. பெடியன் எங்கை? அது இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லையே?”

“கஞ்சாக்காரனுக்கு நண்டுக் குழம்பும் வேணுமோ, அக்கா?”

“போடா. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினது அவனெல்லே. கலியாணம் கட்டி முப்பது வருசத்திலை உன்ரை அத்தான் என்னை ஒருக்காலும் தூக்கினதில்லை.”

குசினிக்குள் கரோலினாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

யேசுரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“லூக்காஸ், வாயை மூடு. முழங்கால் நோவுக்கெண்டு இன்டர்நெட்டிலை அந்த இனிப்பை எடுப்பிச்சு சப்பாத்துத் தட்டிலை வைச்சது நான். டொக்டர் கேக்கேக்கை நான் நடுங்கினதைப் பாத்திட்டுத்தான் அவன் தன்ரை எண்டு சொன்னவன். கரோலினா, ஓடு பிள்ளை, லிஃப்ட் வாறதுக்கு முதல் மருமகனைக் கூட்டிக்கொண்டு வா!”