ஒன்பதாவது கேள்வி

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தரும் அலுவலகம் அது. வரிசையில் பெரிய அதிகாரி நிற்பதைப் பார்த்ததும் கவுன்ட்டர் கிளார்க்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு பக்க விண்ணப்பத்தை ஒரே பக்கமாகச் சுருக்கிய புண்ணியவான் அவர்தான்.

"புது ஃபாரம் எப்படிப் போகுதுன்னு செக் பண்ண வந்தீங்களா சார்? உள்ள வந்து உட்காருங்க."

"பரவாயில்லம்மா, இங்கயே நிக்கிறேன்."

அவர் முறை வந்தது. எட்டுக் கேள்விகளை மளமளவென்று நிரப்பியவர் ஒன்பதாவதில் நின்றுவிட்டார்.

"இதுக்கு என்ன எழுதணும்னு தெரியலையேம்மா."

கேள்வி போட்டவருக்கே பதில் தெரியாதா? கிளார்க் குழம்பிப்போய் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"'சம்பவம் நடக்க, பாதிக்கப்பட்டவர் எந்த விதத்தில் காரணம்?' இதுவா சார்? கமிட்டியில எல்லாரும் இதை எடுத்துடலாம்னு சொன்னப்போ, நீங்கதானே ஒத்தக் கால்ல நின்னு வச்சீங்க?"

"ஆமாம்மா. நான்தான்."

"சும்மா சோதனைக்குத்தானே சார். எதையாவது எழுதுங்க."

அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"என் பொண்ணு அன்னைக்கு பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டுதாம்மா இருந்தா. அதை எழுதலாமா?"