அழுது காட்டு

கல்லூரி நாடகத் துறையில் இடம் கேட்டு வந்திருந்த சகாயமேரி, குழாயடிச் சண்டை ஒன்றைத் தானே எழுதி, கோடை முழுவதும் மொட்டைமாடியில் நடித்துப் பழகியிருந்தாள். அடுத்த மாடியில் வற்றல் காயப்போட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மேடை ஏறினாள். முதல் வசனம் முடிவதற்குள் பேராசிரியர் கையமர்த்தினார். "சிரிக்க வைக்க யாராலயும் முடியும்மா. உங்க அம்மா என்ன பண்றாங்க?"

"போன வருஷம் தவறிட்டாங்க, சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? அவங்களைத் தூக்கிட்டுப் போன நேரத்தை நினைச்சுக்கோ. எங்களுக்கு அழுது காட்டு."

பக்கத்திலிருந்த இரண்டு நடுவர்களும் பேனாவைத் திறந்து காத்திருந்தார்கள். அவளுக்குக் காது மடல் கொதித்தது. "முடியாது சார். நீங்க மார்க் போடறதுக்கா எங்கம்மா செத்தாங்க? உங்க வீட்டுச் சாவுக்கு இங்க நின்னு அழுது காட்டுவீங்களா?" குரல் கடைசி வரிசைச் சுவர்வரை போய் மோதியது.

பேராசிரியர் எழுந்து கைதட்டினார். "பிரமாதம்! இந்த ஆத்திரம்தான் எனக்கு வேணும். உனக்கு இடம் உண்டு."

"நான் நடிக்கலை சார்."

"அதுக்குப் பேர்தாம்மா நடிப்பு" என்று சிரித்தார். மற்ற இருவரும் சேர்ந்து தட்டினார்கள். "வணக்கம் சொல்லிட்டு இறங்கும்மா, அடுத்த ஆள் வரணும்" என்றார் ஒருவர்.

அவள் வணக்கம் சொல்லவில்லை. இறங்கவும் இல்லை.