மூன்றாவது செடியின் மொட்டு

பங்களா வாசலில் ஆறு இட்லிப்பூச் செடிகள் வேலியாக நின்றன. பேர்தான் இட்லிப்பூ, அவை பூத்ததை யாரும் பார்த்ததில்லை. மொட்டுக் கட்டும் நேரம் பார்த்துத் தோட்டக் கத்தரி வந்து ஒரே மட்டமாக வெட்டிவிட்டுப் போய்விடும்.

இந்தத் தடவை மூன்றாவது செடி இலைக்கடியில் ஒரு மொட்டுக்கொத்தை ஒளித்து வைத்திருந்தது. கத்தரி இரண்டாவதை முடித்துவிட்டுத் திரும்பியதும் மூன்றாவது செடி முந்திக்கொண்டு கூவியது.

“அண்ணே, அங்க பாருங்க! மோட்டார் பெட்டிக்குப் பின்னால ஆறாவது அக்கா ஒரு முழம் வளர்ந்து பூத்து நிக்கிறாங்க!”

“அப்படியா சேதி?” என்று கத்தரி அங்கே ஓடியது. கறுக், கறுக். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை வெட்டிய அலுப்பில் கத்தரி மற்றதை மறந்து கொட்டகைக்குப் போய்விட்டது.

நாலாம் நாள் காலையில் மூன்றாவது செடி பூத்தது. உடனே ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது.

“நான் பூத்தது உனக்கு எப்படித் தெரியும்?” என்று பெருமையாகக் கேட்டது செடி.

“ஆறாவது அக்காதான் போன வாரமே சொன்னாங்க. ‘மூணாவது தங்கச்சி மொட்டு வச்சிருக்கா. பாவம், முதல் பூ. கத்தரி காதுல போட்டுடாதே, கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பாரு’ன்னாங்க. ஆமா, அக்காவை எங்கே காணோம்?”



சிட்டு தேனைக் குடித்துவிட்டு, “நல்ல சிவப்பு” என்றது.

அந்தப் பூவை இப்போது எந்த இலைக்கடியில் கொண்டுபோய் ஒளிப்பதென்று செடிக்குத் தெரியவில்லை.