திரையின் இடது ஓரம்

ஒரு வீட்டுப் பல்லி தொலைக்காட்சிக்கு மேலே குடியிருந்தது. அந்த வீட்டில் ஒரு பழைய படத்தைக் குறுந்தகட்டில் அடிக்கடி போடுவார்கள். அதில் ஒரு பெண் ஆற்றங்கரையில் நின்று, ஆளில்லாத பக்கமாகப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள். பல்லிக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்துவிடும்.

பின்சுவருக்கு அப்பால் சினிமாக் கொட்டகை. ஒருநாள் அங்கே அதே படம் வந்தது. அந்தச் செய்தியோடு கொட்டகைப் பல்லி சுவர் விரிசல் வழியாக வந்தது.

"அந்தப் பெண் பாவம் அக்கா, நாதியில்லாதவள்," என்றது வீட்டுப் பல்லி.

"நாதியில்லாதவளா? நீ எந்தப் படத்தைப் பார்த்தாயடி?" என்று கேட்டது கொட்டகைப் பல்லி.

"அவள் பக்கத்தில் ஒரு காக்காய்கூடக் கிடையாது. நான் சொன்னது தப்பென்றால், பூச்சி மொய்க்கும் என் டியூப்லைட்டை நீயே வைத்துக்கொள்!"

இரண்டும் விரிசல் வழியாகக் கொட்டகைக்குள் நுழைந்தன. விளக்குகள் அணைந்தன. சுவர் முழுக்க ஆறு விரிந்தது. படத்தைத் தொலைக்காட்சியின் அளவுக்கு வெட்டியபோது விடுபட்டுப்போன இடது ஓரத்தில், ஒரு படகு நின்றது. அதில் அவளுடைய தங்கை உட்கார்ந்து, அக்கா சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுப் பல்லியின் வால்கூட ஆடவில்லை.

"டியூப்லைட் எனக்குத்தான்," என்றது கொட்டகைப் பல்லி.

"எடுத்துக்கொள் அக்கா. கொஞ்சம் பேசாமல் இரு. தங்கை சிரிக்கிறாள், பார்!"