மாப்பிள்ளை அழைப்பில் ஒரு பியானோ மெட்டு

"கல்யாண வூட்ல இன்னாய்யா எழவு மெட்டு வாசிக்கிற? யாரு கேட்டா, எம்பொண்ணா?"

வடக்கனந்தல் மண்டபத்தில், பெண்ணின் அப்பா இருசப்பன் கீபோர்டு வாசித்த மாயவனின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

பாட்டே இல்லாமல் பியானோ மட்டும் அழுகிற, வெள்ளைக்காரர்களின் குட்டி மெட்டு அது. பழைய காதல்தான் என்று, பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்த நாங்கள் மணப்பெண் வளர்மதியின் முகத்தையே பார்த்தோம்.

"இவுரு யார்னே எனக்குத் தெரியாதுப்பா."

மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"அவன வுடுங்க மாமா. நான்தான் கேட்டேன்."

மாயவனின் கசங்கிய காலரைச் சரிசெய்தவன், அவன் தோளிலேயே சாய்ந்து அழுதான்.

"சிநேகிதனா? முன்னாடியே சொல்றதில்ல மாப்ள," என்று இருசப்பன் நிம்மதியாகச் சிரித்தார்.

காலையில் தாலி ஏறியது. மாப்பிள்ளையோடு சேர்ந்து குடியிருந்த வீட்டைக் காலிசெய்து மாயவன் பெங்களூர் போய்விட்டான். வளர்மதி அந்த வீட்டுக்குத்தான் குடித்தனம் வந்தாள்.